குழந்தையும் அறவுணர்வும்

நன்று எது, தீது எது என்னும் உணர்வு குழந்தைக்கு எவ்வாறு உண்டாகின்றது? பிறவியிலேயே உடன் வருவது என்பர் சிலர். அடித்து வளர்த்தாலன்றி வாராது என்பர் பலர். இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. நாம் நம் மக்களை நாள்தோறும் நடத்தும் முறை இதற்கு நாம் கொள்ளும் விடையைப் பொறுத்ததாகும்.

சுவிட்சர்லாந்து நாட்டறிஞர் ழான் பியாஜே இதனை ஆராய்ந்து 1932-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சிறுவர்க்கு இரு கதைகளைக் கூறினார். உணவுண்ண அழைக்கப்பட்ட ஒருவன் கதவைத் திறக்க, அதன் பின்னே இருந்த 15 கோப்பைகள் அவன் அறியாமலே உடைந்தன. மற்றொருவன் தாய் இல்லாத வேளையில் ஜாமைத் திருட்டுத்தனமாய் எடுக்க முயன்று ஒரு கோப்பையை உடைத்தான். யார் குற்றம் பெரிது? இளஞ்சிறார் பலர் 15 கோப்பைகளை உடைத்தவனையே சுட்டினர். வயதில் மூத்தவரோ எண்ணத்தை நோக்கி மற்றவனைச் சுட்டினர். எண்ணம் தெளிவாக விளங்கும்படி கதை சொன்னால் மிக இளையோரும் அதனைக் கருதுவர் எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர்.

அங்ஙனமாயின் சேதத்தின் அளவைச் சிறுவர் பெரிதாக மதிப்பது ஏன்? பெரியோர் இழப்பின் அளவுக்கேற்பச் சினம் கொள்வதும் ஒரு காரணம் என்றார் பியாஜே. விலையுயர்ந்த பாத்திரம் கைதவறி விழுந்தால் அடி; மலிவான பாத்திரத்தைக் கோபத்தில் வீசி எறிந்தால் வெறும் அதட்டல். இதனால் குழந்தை கற்பது யாது? எண்ணம் பொருட்டன்று, விலையே பொருட்டு என்பதாம். மறுமுறை உடைந்ததை அது ஒளித்து வைக்கும், கேட்டால் பொய்யுரைக்கும். அச்சத்தால் ஒழுக்கம் வளர்க்க முயன்று நாம் பொய்யை வளர்த்தவராவோம்.

பரிசு காட்டி அழைப்பதும் போதிய வழியன்று. 20 மாதக் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், உதவி செய்ததற்குப் பொருள் பெற்ற குழந்தைகள், ஒன்றும் பெறாத குழந்தைகளைவிடப் பின்னர்க் குறைவாகவே உதவின. இயல்பாய் எழுந்த இரக்கம் கூலிவேலையாயிற்று.

தீயில் கைவைக்கும் குழந்தையைத் தடுக்க வேண்டாவோ எனின், தடுத்தே ஆகவேண்டும். ஆயினும் தடுத்தல் வேறு, அறம் பயிற்றல் வேறு. மஜ்ஜிம நிகாயத்தில் பகவான் புத்தர் தம் மைந்தர் ராகுலருக்கு அருளிய போதனை ஒன்றுண்டு. கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல், ஒரு செயலைச் செய்யுமுன்னும் செய்யும்போதும் செய்தபின்னும், இது தனக்கோ பிறர்க்கோ துன்பம் தருமோ என்று ஆராயுமாறு அவர் பணித்தார். பொய்யின் இழிவை அவர் கடிந்தே உரைத்தார். எனினும் தண்டனையை முன்னிறுத்தவில்லை. சிந்திக்கும் பொறுப்பை ராகுலரிடமே ஒப்படைத்தார்.

நாமும் அவ்வழியே நிற்றல் வேண்டும். பிள்ளை தவறிழைத்தால், “எவ்வளவு நட்டம்?” என்பதற்கு முன், “என்ன எண்ணிச் செய்தாய்? இதனால் யாருக்கு வருத்தம்?” என்று அமைதியாய்க் கேட்போம். உண்மை சொன்ன பிள்ளையை அடியாதிருப்போம். உடைந்ததைத் திரட்டவும் வருந்தியவரைத் தேற்றவும் அதனை உடன் அழைத்துச் செல்வோம். யாரும் காணாத இடத்திலும் நிலைத்து நிற்கும் சீலம் இவ்வாறே வேரூன்றும்.