ஆடுபவரும் ஆட்டுவிப்பவரும்
திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலிருந்து காணும் அண்ணாமலை என்னும் மலை அசைவதில்லை. அதன் அடியிலுள்ள அருணாசலேசுவரர் கோயிலின் கோபுரத்திலோ, கையும் காலும் இயைந்த அசைவுகளாகிய கரணங்கள் சிற்பங்களாக நிற்கின்றன. அசையாதது அசைவிப்பது எவ்வாறு என்னும் வினாவை, அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலால் முதலில் பாலே பயின்று, பின்னர்ப் பரதம் கற்று, 1936-இல் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலின் வாழ்வோடு சேர்த்து எண்ணலாம். தாமே மேடையேறி ஆடிய அவர், குற்றாலக் குறவஞ்சி, இராமாயணம் முதலிய நாட்டிய நாடகங்களை அமைத்தபோது பிறர் உடல்களின் வழியே ஆடத் தொடங்கினார். சைவ சித்தாந்தம் கூறும் ஐந்தொழில்களுள் மறைத்தல், அதாவது உயிர் தன் வினையை நுகருமாறு இறைவன் தன்னை ஒளித்துக்கொள்ளும் திரோதானம், படைத்தலைக் காட்டிலும், தாம் மறைந்து பிறரை ஆட்டுவிக்கும் நடன அமைப்பாளரின் பணிக்கு நெருக்கமானது. ஒப்புமை முழுமையன்று, ஏனெனில் மனிதக் கலைஞரை மேடையிலிருந்து மறைப்பதில் முதுமைக்கும் பங்குண்டு.