தப்பியவனின் பாடம்

தவறுகளிலிருந்துதான் கற்றுக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒன்டாரியோ ஏரி ஞாபகத்துக்கு வரும். அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் எல்லோரும் தப்பி வந்தவர்கள். மற்றவர்களைக் கேட்க முடியாது.

நானும் தப்பி வந்தவன். ஆறு வருடங்களுக்கு முன், மே மாதத்து ஒரு சனிக்கிழமை. டொரொண்டோவில் 22 பாகை வெயில். நீண்ட குளிருக்குப் பிறகு அப்படி ஒரு நாள் கிடைத்தால் இங்கே சனத்துக்குப் பைத்தியம் பிடிக்கும். முந்தைய கோடையில் பாய்ப்படகு ஓட்ட ஆறு வகுப்புகள் போயிருந்தேன். அந்தத் துணிச்சலில் 14 வயது மருமகனை ஏற்றிக்கொண்டு, இரவல் வாங்கிய 15 அடி ஆல்பகோர் படகில் வெளிக்கிட்டேன். இருவருக்கும் டீ ஷர்ட்தான். அவன் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். அக்கா போட்டுத்தான் அனுப்பியிருந்தா. என்னுடையதை மடித்து அதன்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். கனடாச் சட்டம் ஆளுக்கொன்று படகில் இருக்கவேண்டும் என்றது, உடம்பில் இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. சட்டத்தை மீறாத ஆள் நான்.

கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. வடக்குக் காற்று. ஊரில் வாடை என்போமே, கிட்டத்தட்ட அந்தத் திசை. டொரொண்டோவுக்கு ஏரி தெற்கே இருப்பதால் அந்தக் காற்று கரையிலிருந்து ஏரிக்குள் வீசும். கட்டடங்களும் மரங்களும் மறைத்துக்கொள்வதால் கரையில் நிற்பவனுக்கு அதன் பலம் தெரியாது. அலை எழும்பவும் காற்றுக்குத் தூரம் வேண்டும். உள்ளே போகப் போகத்தான் புரியும். அப்போது அது உங்களை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். இதெல்லாம் பிறகு அறிந்தது. அன்றைக்கு நினைத்தது, 'நல்ல அமைதியான நாள்' என்று.

கை நோகுது என்று பாய்க்கயிற்றைக் கவ்வியில் மாட்டிவிட்டேன். பலமான காற்று ஒன்று வந்து அடித்தபோது கயிறு கையில் இருந்திருந்தால் விட்டிருப்பேன். பாய் காற்றைக் கொட்டிவிடப் படகு நிமிர்ந்திருக்கும். கவ்வியைத் தடவுவதற்குள் கவிழ்ந்துவிட்டது.

மே மாதத்தில் அந்த ஏரி இன்னும் குளிர்காலத்திலேயே இருக்கிறது. விழுந்ததும் மூச்சு என் வசம் இல்லை. மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒரு நிமிடம் மூச்சை அடக்க, பத்து நிமிடம் கைகால் சொல் கேட்க, ஒரு மணி நேரம் நினைவு தப்ப. குளிரில் விறைத்துச் சாவதற்கு முன்பே, நீந்த முடியாமல் மூழ்கிப் போகிறவர்கள் அதிகம். என் லைஃப் ஜாக்கெட் பத்தடி தள்ளி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

கரை கிட்டத்தில் தெரிந்தது. "வா, நீந்துவம்" என்றேன். மருமகன் கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாமா, படகை விடாதேங்கோ" என்றான். நீச்சல் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். நான் விடவில்லை. அது அறிவினால் அல்ல, அவனைத் தனியே விட்டுப் போக வெட்கமாக இருந்தது.

1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலில் 15 மாலுமிகள் இறந்தார்கள். 24 படகுகள் கைவிடப்பட்டன. அவற்றில் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. அவை பெரிய படகுகள், திறமான மாலுமிகள், வேறு கடல். ஆனாலும் அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பத்து நிமிடத்தில் ஒரு கிழவர் மோட்டார் படகில் வந்து எங்களைத் தூக்கினார். ஏணியைப் பிடிக்க என் விரல்கள் மடங்கவில்லை. கம்பளி போர்த்திவிட்டுக் கேட்டார்: "எத்தனை பிழை விட்டாய்?" ஒன்று, கயிற்றை மாட்டியது, என்றேன். "அது கடைசிப் பிழை. மற்றதெல்லாம் கரையிலேயே விட்டிட்டாய்" என்றார். உடுப்பு, காற்றுத் திசை, உட்கார்ந்திருந்த ஜாக்கெட், எங்கே போகிறோம் என்று ஒருவருக்கும் சொல்லாதது. படகு கரையை விடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

இதைப் பாடம் என்று சொல்லலாம்தான். ஆனால் அடுத்த சில மாதங்களில் நான் உண்மையாகக் கற்றது வேறு. 'என்ன நடந்தாலும் சமாளிப்பன்' என்பதை. பிறந்தநாள் விருந்துகளில் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது பகிடியானது. ஜூலையில் மறுபடியும் கயிற்றை மாட்டினேன். காற்று வரவில்லை. பிழைக்குத் தண்டனை கிடைக்காதபோது மனம் அதைப் பிழை என்று எழுதி வைப்பதில்லை, அனுபவம் என்று எழுதிக்கொள்கிறது.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதைப் பற்றி எழுதினார்கள். ஒரே கவனயீனத்தோடு வண்டி ஓட்டும் இருவரில் ஒருவனுக்குக் குறுக்கே பிள்ளை ஓடிவருகிறது, மற்றவனுக்கு வரவில்லை. ஒருவன் கொலைகாரன், மற்றவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்கிறான். குற்றம் ஒன்றுதானே? எங்களுக்கு ஊழ் என்ற சொல் ஏற்கெனவே கைவசம் இருப்பதால் இந்தக் கேள்வியைச் சீக்கிரம் மூடிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். 'கடவுள் காப்பாத்தினார்' என்றா அக்கா. அப்படிச் சொன்னதும் என் கணக்கு தீர்ந்துபோனது.

தீரவில்லை. தனியாகப் போய்க் கவிழ்ந்திருந்தால் அது என் படிப்பு, கட்டணமும் என்னுடையது. அவன் என்னோடு வந்தது பாய்ப்படகைப் பற்றித் தெரிந்து அல்ல, மாமா என்று நம்பி. நான் படிப்பதற்கு அவன் உயிரை இரவல் வாங்கியிருந்தேன், கேளாமல். திருப்பிக் கொடுக்க முடிந்ததால் அது களவு இல்லை என்றாகிவிடுமா? புதியவன் பிழை விடத்தான் செய்வான். விடாமல் யாரும் கற்றதில்லை. ஆனால் யாரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு விடுகிறான் என்பது அவன் கையில்தான் இருக்கிறது. அதை அனுபவக் குறைவு என்று என்னால் இப்போது சொல்ல முடியவில்லை.

அவனுக்கு இப்போது 20 வயது. மேயில் படகு எடுக்கிறேன் என்றால், "தண்ணி எத்தனை டிகிரி மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை.

நான் விருந்துகளில் சொன்ன கதையில், "வா, நீந்துவம்" என்று சொன்னவன் அவன். "படகை விடாதே" என்றவன் நான். அவன் ஒருமுறைகூட என்னைத் திருத்தியதில்லை. தட்டில் கேக்கோடு சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அக்காவும் அந்தக் கதையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறா. இங்கே வருகிற கட்டுரைகளை அவ விடாமல் வாசிப்பா.