திருவேடமும் கள்ளவேடமும்

ஒருவர் தம்மை மறைத்து வேறொருவராகத் தோன்றுவதற்குத் தமிழிலே பல சொற்கள் உண்டு. வேடம், கோலம், பாவனை, நடிப்பு, பாசாங்கு, மாறுவேடம், ஆள்மாறாட்டம், கரந்துறைதல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாம் ஒரே பொருள் தருவன போலத் தோன்றும். ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. வீதியுலா வரும் அம்பாளைக் கண்டு "என்ன அழகான கோலம்" என்று கைகூப்புகின்ற அடியார் எவரும் அவ்விடத்தில் பாசாங்கு என்ற சொல்லை நினைப்பதுகூட இல்லை. வேடம் என்ற சொல் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கின்றது. திருநீறும் உருத்திராக்கமும் சடைமுடியும் அடியாரின் திருவேடம். அதே நீற்றைப் பூசிக்கொண்டு ஏமாற்ற வருபவன் வேடதாரி. வணக்கத்திற்கும் ஏச்சிற்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

கிரான், சந்திவெளி, சித்தாண்டி, வந்தாறுமூலை என்று நீளும் இந்த ஊர்களிலே வேடம் என்றதும் முதலில் நினைவில் எழுவது கூத்துக்களரிதான். பகலெல்லாம் வேளாண்மை வயலில் நின்றவர் இரவு கரப்புடுப்பும் முடியும் தரித்து, சதங்கை ஒலிக்க வட்டக்களரியிலே தருமராகவோ துரியோதனனாகவோ வருகின்றார். வரவுப் பாட்டிலேயே வருபவர் யாரென்று சபைக்கு அறிவிக்கப்பட்டு விடுகின்றது. முடிக்குள்ளே இருப்பவர் இன்னாரின் மகன் என்பதும் சபையோருக்குத் தெரியும். எனவே அங்கு ஏமாறுபவர் எவரும் இல்லை. அந்த வேடத்தை ஊரே சேர்ந்து கட்டிவிடுகின்றது என்றுகூடச் சொல்லலாம்.

கோயில் சடங்கிலே நிகழ்வது இன்னும் ஒரு படி மேலானது. உடுக்கொலியும் பறையொலியும் ஏற ஏற, விரதமிருந்தவர் வேப்பிலை ஏந்தித் தெய்வம் ஆடுகின்றார், கட்டுச் சொல்கின்றார். அப்போது "அவர் காளியாக நடித்தார்" என்று ஊரில் ஒருவரும் கூறுவதில்லை. தெய்வம் வந்தது என்பதே வழக்கு. அங்கே மனிதர் தம்மை மறைத்துக்கொள்ளவில்லை, விலகி இடம் விட்டிருக்கின்றார். வராத தெய்வத்தை வந்ததாகக் காட்டி ஆடுபவரும் எங்காவது ஓரிருவர் இருக்கக்கூடும். ஊரார் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் பெரும்பாலும் அறிந்தேயிருப்பர்.

பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் உற்சவத்திலே பாண்டவர்களாக வருபவர்களும் விரதம் காத்து, வனவாசம் சென்று, இறுதியில் தீக்குழியில் இறங்குகின்றார்கள். நடிப்பு என்ற சொல் அங்கும் பொருந்தாது. அந்தப் பாண்டவர்களின் கதைக்குள்ளேயே ஒரு வேடம் இருக்கின்றது. பதின்மூன்றாம் ஆண்டில் எவர் கண்ணிலும் அகப்படாது வாழவேண்டும் என்ற உடன்பாட்டின்படி, ஆயுதங்களை வன்னிமரத்தில் ஒளித்துவிட்டு விராட நாட்டிற்குச் சென்றார்கள். தருமர் கங்கன் என்ற பெயரோடு அரசனுடன் சூதாடினார். வீமன் மடைப்பள்ளியில் சமைத்தான். அருச்சுனன் பிருகன்னளையாகி அரசகுமாரிக்கு ஆடல் கற்பித்தான். திரௌபதி சைரந்திரியாகி அரசியின் கூந்தலை முடித்தாள். பொய்யே அறியாத தருமர் ஓராண்டு முழுவதும் வேறு பெயரில் வாழ்ந்தது தகுமா என்று கேட்பவர் உண்டு. பழந்தமிழ் இதற்குத் தந்த சொல் கரந்துறைதல். ஒளிந்து வாழ்தல் என்பது அதன் பொருள். வஞ்சித்தல் என்பது அதில் இல்லை. அந்த ஓராண்டும் விராடன் பெற்றது அவர்களுடைய ஊழியத்தையே.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது இராவணனின் வேடம். சீதை பிச்சையிட வந்தது இராவணனுக்காக அன்று, துறவிக்கோலத்திற்காக. அந்தக் கோலத்தின்மீது அவள் வைத்த மதிப்பையே அவன் கருவியாக்கினான். திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்திலே தவக்கோலத்தில் மறைந்து தவறு செய்பவனைப் புலித்தோல் போர்த்துக்கொண்டு பயிரை மேய்ந்த பசுவுக்கு ஒப்பிடுகின்றார். விளைந்த வயலுக்குள் மாடு இறங்கிய காலையைக் கண்ட படுவான்கரை விவசாயிக்கு இந்த உவமைக்கு உரை தேவையில்லை.

போர்க்காலம் இந்த மண்ணுக்கு இன்னொரு சொல்லையும் தந்துவிட்டுப் போனது. தலையாட்டி. சுற்றிவளைப்பிலே ஊரைத் திரட்டி வரிசையாக நடத்த, சாக்கினால் முகம் மூடி, கண்ணுக்கு மட்டும் துளை விட்டு உட்கார்ந்திருந்தவர் தலையை அசைத்தால் ஒரு பிள்ளை வீடு திரும்பாது. அந்த மூடலுக்கு வேடம் என்ற சொல்லைக் கொடுக்க ஊர் மறுத்துவிட்டது. வேடத்திற்கு ஒரு முகமாவது உண்டு. அங்கே அதுவும் இருக்கவில்லை.

ஆண்டுதோறும் கதிர்காமம் நோக்கி, வெருகல், சித்தாண்டி, மட்டக்களப்பு எனக் கோயில் கோயிலாகத் தங்கிப் பாதயாத்திரை செல்லும் அடியார்களை இப்பகுதி மக்கள் பெயர் கேட்பதில்லை. சிறுவரையும் முதியவரையும் "சாமி" என்றே அழைத்துச் சோறும் தண்ணீரும் கொடுத்து அனுப்புகின்றார்கள். ஆனால் காவி உடுத்து, பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு, இல்லாத கோயிலுக்குத் திருப்பணி என்று வாசலில் வந்து நிற்பவர்களும் உண்டு. இரண்டொரு முறை ஏமாந்த வீட்டார் அடுத்த முறை மெய்யடியாருக்கும் படலையைத் திறக்கத் தயங்குகின்றார்கள். கள்ளவேடத்தால் போகும் காசு பெரிதன்று. அது திருவேடத்தின் மீதுள்ள நம்பிக்கையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகின்றது. அப்படியானால் வேடத்தை இனி வணங்காது விட்டுவிடலாமா? மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்திலே அன்பு நிறைந்த அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் ஒருசேரச் சிவனெனவே தொழச் சொல்கின்றார். ஒன்றைக் கைவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை.

பெரியபுராணம் இந்தக் கேள்வியை இரண்டு நாயன்மார்களின் உயிரை வைத்தே கேட்டிருக்கின்றது.

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், மேனியெங்கும் நீறு பூசிச் சடைமுடித்து, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்து அரண்மனைக்கு வந்தான். வாயில்கள் எல்லாம் வேடத்திற்கு வழிவிட்டன. பள்ளியறை வாயிலில் நின்ற தத்தன் மட்டும், அரசர் துயில்கின்றார், வேளையறிந்து போகவேண்டும் என்று தடுத்தான். வந்தவன் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஆகமம் உபதேசிக்க வந்ததாகச் சொன்னவனை உயரத்தில் இருத்தித் தாம் கீழிருந்து வணங்கிய வேளையிலே நாயனார் குத்துண்டார். வாளோடு பாய்ந்த தத்தனை, வந்தவர் நம்மவர் என்று தடுத்து, ஊரார் தீங்கு செய்யாதபடி எல்லை கடத்தி விடும்படி பணித்தார். கொதித்தெழுந்த சனங்களை விலக்கிக்கொண்டு தத்தன் அப்படியே செய்து திரும்பிவந்து சொல்லும்வரை அவருடைய உயிர் காத்திருந்தது.

இக்கதையைச் சொல்பவர்கள் மன்னரைப் போற்றுகின்ற அளவுக்குத் தத்தனை நினைப்பதில்லை. சேக்கிழார் அவனைக் குறைகூறவில்லை. வேடத்தை வணங்குவது மன்னரின் தொண்டு. வாயிலில் நின்று கேட்பது தத்தனின் தொண்டு. பற்றுச்சீட்டைக் கேட்டுப் பார்க்கின்ற பரிபாலன சபையினர் தத்தனின் இடத்தில் நிற்கின்றார்கள். அதனால் வீட்டுப் படலைகள் மூட வேண்டியதில்லை.

ஏனாதிநாத நாயனாரின் கதை இதனினும் நுட்பமானது. வாட்பயிற்சி ஆசிரியரான அவரிடம் தோற்ற அதிசூரன், விடியற்காலையில் இருவரும் தனியே பொருவோம் என்று சொல்லி அனுப்பினான். ஒருநாளும் நீறு பூசாதவன் அன்று நெற்றி நிறையப் பூசி, கேடகத்தால் முகத்தை மறைத்து வந்தான். நாயனார் வெட்டப் போகும் கணத்தில் கேடகத்தை விலக்கினான். வெண்ணீறு தெரிந்தது. சிவனடியாராகி விட்டார் என்று நாயனார் நின்றுவிட்டார். வாளையும் கேடகத்தையும் கீழே போடவும் எண்ணினார். ஆனால் ஆயுதமில்லாதவரைக் கொன்றார் என்ற பழி எதிரே நிற்பவருக்கு வந்துவிடுமே என்று நினைத்து அவற்றைக் கீழே போடவில்லை. எதிர்த்துப் போர் செய்பவர் போலவே வாளும் கேடகமும் ஏந்தி, அசையாது நின்றார். விடிந்துகொண்டிருந்த அந்தக் களத்திலே இருவரும் தாம் அல்லாத ஒன்றாகத் தோன்றி நின்றார்கள். ஒருவனின் பாசாங்கு கொல்வதற்காக. மற்றவரின் பாவனை, கொல்ல வந்தவனைப் பழியிலிருந்து காப்பதற்காக.