கீழ்ப்படிதலுக்கும் ஓர் எல்லையுண்டு

பெரியோர் சொல்லுக்கு வாலிபர்கள் கீழ்ப்படிந்து நடக்க வேண்டுமென்று நாம் ஓயாமல் கூறி வருகிறோம். கடையிலும் வீட்டிலும் அவ்வொழுங்கு இல்லாவிடில் காரியம் நடவாதென்பது மெய்யே. ஆனால் அநீதியே சட்டமாகி, ஊரே அதற்குக் கைதட்டும் காலத்தில், கீழ்ப்படிய மறுக்கும் பிள்ளை குற்றவாளியா, கைதட்டும் பெரியவன் குற்றவாளியா? வணிகர்களாகிய நாம் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஹிட்லர் ஆண்ட ஜெர்மனியில் 1936-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் இளைஞர் அனைவரையும் ஹிட்லர் இளைஞர் படைக்கு உரியவராக்கியது; 1939-இல் அதில் சேவை கட்டாயமாயிற்று. ஒரே சீருடை, ஒரே கோஷம், ஒரே எண்ணம்! ஊல்ம் நகரில் வரிக்கணக்கு ஆலோசகராயிருந்த ராபர்ட் ஷோல் என்பாரின் மக்கள் ஹான்ஸும் சோஃபியும் தொடக்கத்தில் அதில் ஆர்வத்தோடு சேர்ந்தவர்களே. தந்தைக்கு அது உடன்பாடில்லை. வீட்டில் தம் எண்ணத்தை மறையாது பேசினார். நாளடைவில் பிள்ளைகளின் கண்களும் திறந்தன. 1942-இல் ஹிட்லரைப் பற்றி அவர் உரைத்த ஒரு கடுஞ்சொல்லை, அவரிடம் வேலை பார்த்தவரே காட்டிக் கொடுத்தார். தந்தை சிறை புகுந்தார்.

அதே ஆண்டின் கோடையில், மியூனிக் நகரில் மருத்துவ மாணவர்களான ஹான்ஸும் அலெக்சாண்டர் ஷ்மோரெலும் ‘வெள்ளை ரோஜா’ என்ற பெயரில் துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டனர். போலந்தில் யூதர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்படுவதை அவற்றுள் ஒன்று பகிரங்கமாகக் கூறிற்று. தபால்தலைகளையும் காகிதத்தையும் சந்தேகம் எழாவண்ணம் பல இடங்களில் சிறுகச் சிறுக வாங்கினர். சோஃபியும் வேறு சில தோழர்களும் ஒரு பேராசிரியரும் துணை நின்றனர். 1943 பிப்ரவரி 18-ஆம் நாள், பல்கலைக்கழகத்தில் ஆறாவது பிரசுரத்தைப் பரப்பியபோது அண்ணனும் தங்கையும் பிடிபட்டனர். 22-ஆம் நாள் விசாரணை. அன்று மாலையே சிரச்சேதம். ஹான்ஸுக்கு வயது 24, சோஃபிக்கு 21. அவர்களோடு மாண்ட கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட் 23 வயதில் மூன்று குழந்தைகளின் தகப்பன். ஷ்மோரெல் உள்ளிட்ட மற்றும் மூவரும் அவ்வாண்டே கொல்லப்பட்டனர்.

“இதனால் என்ன பயன் விளைந்தது? ஆட்சி கவிழ்ந்ததா?” என்று கணக்குப் பார்ப்போர் கேட்கலாம். கவிழவில்லை. ஆயினும் எல்லாக் கணக்கையும் இலாப நஷ்டத்தில் எழுத முடியாதென்பதை நாமும் அறிவோம். ஒருவன் நம்பி ஒப்படைத்துச் சென்ற அமானிதத்தைத் திருப்பிக் கொடுப்பதில் நமக்கு என்ன இலாபம்? கொடுக்காவிடில் நாம் மனிதரல்லர், அவ்வளவே. மனச்சாட்சியும் அத்தகையதோர் அமானிதமே.

“நான் குடும்பஸ்தன், கடை திறந்திருக்க வேண்டுமே!” என்பது அடுத்த வாதம். இதை நாம் இலேசாகத் தள்ளிவிடமாட்டோம். ஸ்டுட்கார்ட்டில் ஓயிகன் கிரிமிங்கர் என்ற கணக்குப் பரிசோதகர் அவ்விளைஞர்களுக்குப் பணம் கொடுத்து உதவினார். பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருடைய மனைவி யூதப் பெண்மணி. கணவர் சிறைப்பட்டபின் அவ்வம்மையாரைக் காக்க ஒருவருமில்லை. ஆஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார். தைரியத்தின் விலையை எப்போதும் தைரியசாலி மட்டுமே செலுத்துவதில்லை. கிரிமிங்கர் செய்தது சரியா என்று தீர்ப்புக் கூற நமக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நாம் என்ன செய்திருப்போம் என்பதையும் நெஞ்சறியச் சொல்ல இயலவில்லை.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வோம். உயிரைக் கொடுப்பதற்கும் அநியாயத்துக்குத் துணைபோவதற்கும் இடையே நெடிய தூரமுண்டு. ஹாம்பர்க் நகரில், நாடு கடத்தப்பட்ட யூதர்களின் வீட்டுச் சாமான்கள் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டன. கட்டில், மேசை, துணிமணி யாவும் மலிவு விலையில் போயின. வாங்கச் சொல்லி எவரும் துப்பாக்கி நீட்டவில்லை. “யாருடைய பொருள் இது? ஏன் இவ்வளவு மலிவு?” என்று கேட்டுத் திரும்பிப் போக வீரம் வேண்டியதில்லை, கொஞ்சம் வெட்கம் இருந்தாலே போதும். காட்டிக் கொடாமலிருக்க, கைதட்டாமலிருக்க, களவுப் பொருளை வாங்காமலிருக்க எளியவனாலும் முடியும். பலரும் அவ்வளவு செய்திருப்பின், அச்சிறுவர் சிலர் மட்டும் தனித்து நின்று மடிய நேர்ந்திராது.

இத்தகைய மனத்திடம் ஒருநாளில் முளைப்பதன்று. நம் கடைப் பையன், “முதலாளி, இந்த எடை குறைகிறதே!” என்று வாடிக்கைக்காரர் முன்னிலையில் சொன்னால், நாம் அவனைப் பாராட்டுகிறோமா, முறைக்கிறோமா? மகன் எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்லுகிறோமா, வாயை அடைக்கிறோமா? சிறு தவற்றைக் கண்டும் வாய் திறவாதிருக்கப் பழக்கப்பட்டவன், நாளை பெரும் பாதகத்தின் முன்னும் அவ்வாறே நிற்பான்.

ஆகவே அன்பர்களே, நம் பிள்ளைகளுக்குப் பணிவைக் கற்பிப்போம். அத்துடன் எங்கே பணியக்கூடாதென்பதையும் கற்பிப்போம். நம்மையே அவர்கள் திருத்த நேரும் நாளில், கோபங்கொள்ளாது தராசை மறுபடியும் நிறுத்துப் பார்ப்போமாக!