தந்தையின் புண்ணும் பிள்ளையின் வரமும்

ஒரு குலத்திற்கு நேர்ந்த துயரம், அதனை நேரிற் கண்டவரோடு ஒழிந்துவிடுவதில்லை. ஆற்றப்படாத துயரம் சினமாய்த் திரிந்து, அதன் காரணத்தையே அறியாத பிள்ளையின்மீது சென்று விழுகின்றது. இரணியன் சரிதத்தை இவ்வகையில் நோக்குவார் சிலரே.

உடன்பிறந்தானாகிய இரணியாக்கனை ஸ்ரீவராஹப் பெருமானால் இழந்தவன் இரணியன். அழுதரற்றிய தாய் திதிக்கும், மாண்டவனுடைய மனைவி மக்களுக்கும் அவன் கூறிய ஆறுதல் ஸ்ரீபாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் விரிவாக உள்ளது. ஆத்மா அழிவற்றது என்னும் அவ்வுபதேசம் வேதாந்திகளும் வியக்கத்தக்கது! ஆயினும் பிறர்க்கு அளித்த மருந்தைத் தான் உண்டிலன். அந்தப் பகையே நஞ்சாகவும் நெருப்பாகவும் களிற்றின் காலாகவும் ஐந்து வயது மகனை வந்தடைந்தது. துயருற்றவன் செய்தான் என்பதனால் கொடுமை கொடுமையன்றாகிவிடாது.

அச்சிறுவன் பிழைத்தது எம்பெருமான் திருவருளால் என்பதில் ஐயமில்லை. அவ்வருள் வந்த வழியும் எண்ணத்தக்கது. இரணியன் தவத்திற்குச் சென்றிருந்தபோது, கருவுற்றிருந்த கயாதுவை இந்திரன் கவர்ந்து சென்றான். இடைமறித்து மீட்ட நாரதர், தம் ஆசிரமத்தில் அவளுக்கு அடைக்கலம் தந்து, வயிற்றிலிருந்த பிள்ளைக்கும் கேட்குமாறு உபதேசித்தார். இடருற்ற குழந்தைக்குப் பரிவுடைய பெரியவர் ஒருவரேனும் நிலையாகத் துணைநிற்றல் பெருங்காப்பு என்று இக்காலத்து மனநல மருத்துவர்களும் கூறுகின்றனர்.

இரணியன் மடிந்தபின் நரசிங்கப் பெருமான் சிறுவனின் தலைமேல் திருக்கை வைத்தருளினார். தந்தை இழைத்த தீங்கை மறையாது எடுத்துரைத்த பின்னரே, அத்தந்தை தூயனாக வேண்டுமென்று பிரகலாதன் வரம் கேட்டான். மூவேழு தலைமுறை முன்னோரும் தூயராயினர் என்றருளிய பெருமான், தந்தைக்கு ஈமக்கடன் செய்யுமாறும் பணித்தார். புண் முன்னோர்வழி வந்தது. ஆறுதலும் முன்னோர்வரை சென்றது.

ஒரு பிள்ளைக்கு நேர்வது ஓர் ஊருக்கும் நேர்வதுண்டு. 1323-இல் டில்லி சுல்தானின் படை திருவரங்கத்தைத் தாக்கியது. முதுமையிலும் அழகியமணவாளனை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறிய பிள்ளை லோகாசாரியர், வழியில் ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். பிணக்குவியலிடையே மறைந்து தப்பிய வேதாந்த தேசிகரோ, சுதர்சன சூரியின் ச்ருதப்ரகாசிகைச் சுவடிகளையும் அவருடைய இளங்குமாரர் இருவரையும் காத்து மேற்கே சென்றார் என்று குருபரம்பரை கூறும். சுவடியைக் காத்ததையே பலரும் புகழ்வர். அக்கொலைக்களத்தைக் கண்ட இரு குழந்தைகளை உடன் கொண்டு வளர்த்தது அதனினும் சிறிய கைங்கரியமன்று. அஞ்சிய காலத்தை அஞ்சாதது போல் அவர் மறைக்கவுமில்லை. அச்சம் நீங்க வேண்டுமென்றே அரங்கனை இறைஞ்சி அபீதிஸ்தவம் பாடினார்.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1371-இல், கோபண்ணரின் முயற்சியால் பெருமாள் மீண்டும் எழுந்தருளினார். அப்போது கோயிலிலே வேறோர் உற்சவமூர்த்தி இருந்தார். முன்னிருந்தவர் எவர் என்று சொல்ல வல்ல முதியோர் எஞ்சவில்லை. கண்ணிழந்த முதிய வண்ணார் ஒருவர் மட்டும் இருந்தார். இருவர்க்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடைத் தீர்த்தத்தை உட்கொண்டு, இளமையில் தாம் அறிந்திருந்த மணத்தால் பழைய பெருமாளை அவர் கண்டுகொண்டார். நம்பெருமாள் என்று அவர் அழைத்ததே திருநாமமாயிற்று என்பது கோயிலொழுகு வழிவந்த செய்தி. இடைக்காலத்தில் ஊரார்க்குத் துணையாயிருந்த மற்றை மூர்த்தியும் விலக்கப்படவில்லை. திருவரங்க மாளிகையார் என்னும் திருநாமத்துடன் அவரும் அக்கோயிலிலேயே எழுந்தருளியிருக்கிறார்.