பக்கத்து இடம்

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். இப்போதுதான் விடிகிறது.

தெருவின் நீளத்துக்குப் பாவு கட்டியிருக்கிறது. இரு புறமும் ஆட்கள். இழைகளை நீவிப் பிரிக்கிறார்கள். அறுந்த இடத்தில் ஒரு கை நிற்கிறது. எதிரில் இருப்பவரின் கையும் நிற்கிறது.

பேச்சு குறைவு. வெயில் ஏறுவதற்குள் முடியவேண்டும் என்பது எல்லோர் நடையிலும் தெரிகிறது.

*

வீட்டுக்குள் தறி. தரையில் குழி. குழிக்குள் கால்கள்.

கால் மிதியை அழுத்துகிறது. பாவு இரண்டாகப் பிரிகிறது. நாடா ஓடுகிறது. பலகை வந்து ஊடையை நெருக்குகிறது.

மறுபடியும்.

கண் பாவின் மேல் இருக்கிறது. இந்தக் கால் எப்போது கற்றது? நெசவாளர் யோசிக்கிறார். பதில் வரவில்லை. தறியும் நிற்கவில்லை.

*

கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள். இரு நிற இழைகளும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

ஒருவரால் ஆகாத வேலை. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்கிறார். ஒரு கரையின் நாடா அவர் பொறுப்பு.

நெய்பவரின் தோள் சற்று இறங்குகிறது. பக்கத்துக் கை நாடாவை விடுகிறது.

கை அசைவதற்கு முந்திய கணம். பக்கத்தில் இருப்பவர் பார்ப்பது அதைத்தான் போலிருக்கிறது.

*

அந்த இடத்தில் பல தலைமுறைகளாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் பாட்டியின் ராட்டை அருகில், தார் சுற்ற. பிறகு அறுந்த இழையைப் பிணைக்க. பிறகு கரை நாடா. வெகுநாள் கழித்துக் குழிக்குள்.

பாடம் என்று ஒன்று நடப்பதில்லை. உட்காரும் இடம் மாறுகிறது. ஒவ்வோர் இடத்திலிருந்தும் தறி வேறு மாதிரித் தெரிகிறது.

*

பதிவது காட்டியது மட்டுமல்ல.

இழை அறும்போது அப்பா மூச்சை இழுத்துப் பிடிப்பது. ஜரிகையைத் தொடும் முன் விரலை வேட்டியில் துடைப்பது. முதுகின் வளைவு. கூலி வாங்கி வந்த மாலையில் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பது.

பையன் விரலைத் துடைத்துக்கொள்கிறான். மூச்சைப் பிடிக்கிறான்.

திண்ணை எப்போது வரும் என்று தெரியவில்லை.

*

1961. ஸ்டான்ஃபோர்டு. பார்த்துக் கற்பது பற்றி ஆல்பர்ட் பண்டூராவின் ஆய்வு. 72 குழந்தைகள்.

சிலர் முன் ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடிக்கிறார். சிலர் முன் ஒரு பெரியவர் அமைதியாக வேறு சாமான்களோடு விளையாடுகிறார். மற்றவர்கள் முன் யாரும் இல்லை.

அடியைப் பார்த்தவர்களில் பலர் பிறகு பொம்மையை அடிக்கிறார்கள். பெரியவர் எடுத்த அதே சுத்தியல். அவர் சொன்ன அதே சொற்கள்.

அமைதியைப் பார்த்தவர்கள் மிகக் குறைவாகவே அடிக்கிறார்கள். அவர்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

*

மெக்சிகோவின் மலைநாடு. சினகாந்தான். மாயா இனப் பெண்கள் இடுப்பின் பின்னால் வார் கட்டி, உடம்பையே தறியின் ஒரு முனையாக்கி நெய்கிறார்கள்.

பட்ரீஷியா கிரீன்ஃபீல்டு 1970 வாக்கில் அங்கே இருக்கிறார். சிறுமி நெடுநேரம் பார்க்கிறாள். தவறு நேரும் முன்பே தாயின் கை குறுக்கே வருகிறது.

1991-இல் மறுபடியும் போகிறார். இடையில் வியாபாரம் வந்திருக்கிறது. சிறுமிகள் தாங்களே முயல்கிறார்கள், சிக்கலாக்குகிறார்கள், வேண்டும்போது அக்காவைக் கூப்பிடுகிறார்கள். துணியில் புதுப்புது வடிவங்கள்.

இரண்டும் கற்பதுதான். எதையும் எதன் மேலும் வைக்கத் தோன்றவில்லை.

*

1986. இங்கே குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம். 2009. கல்வி உரிமைச் சட்டம்.

பக்கத்து இடத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் எல்லோரும் சொந்த வீட்டுத் தறியில் உட்காரவில்லை. முன்பணம் வாங்கிய வீடுகளிலிருந்து அடுத்தவர் தறிக்குப் போனார்கள். வெளிச்சம் குறைந்த அறை. நாள் முழுக்க ஒரே நாடா.

அதையும் பார்த்துக் கற்றது என்று எழுத மனம் வரவில்லை.

எழுதாத அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

*

இப்போது பக்கத்தில் மனைவி. சில வீடுகளில் தம்பி. சில தறிகளில் யாரும் இல்லை. அங்கே கோர்வை இல்லாத சேலை ஓடுகிறது.

மாலை. பையன் பள்ளியிலிருந்து வருகிறான். தறியைக் கடந்து உள்ளே போகிறான். அப்பா நிமிர்கிறார். கூப்பிடவில்லை.

கூப்பிடாததை அவன் பார்க்கிறான்.

இந்தத் தொழில் தன்னோடு போகட்டும் என்று அவர் வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. அவனுக்கு அது தெரியும்.

*

நெசவாளர் சேவை மையம். கட்டம் போட்ட தாளில் யாளி, மயில், ருத்ராட்சம். தாளிலிருந்து அட்டைக்கு. அட்டையிலிருந்து ஜக்கார்டுக்கு. வடிவம் முழுவதும் குறித்தாகிவிட்டது.

பலகையை எவ்வளவு அழுத்தி இழுப்பது? அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

*

அதே ஊரில் கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மணற்கல், இன்னும் சூடேறாத கல்.

கருவறையைச் சுற்றும் வழி மிகக் குறுகல். நுழையத் தவழ வேண்டும். முன்னால் ஓர் அம்மாள். முந்தானையை இடுப்பில் செருகுகிறார். இடது தோளை உள்ளே கொடுக்கிறார். பாதம் மறைகிறது.

பின்னால் வருபவரும் இடது தோளையே கொடுக்கிறார். வலது தோளும் நுழையும்.

*

வரதராஜர் கோயில். கூரையில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. தாத்தா தொடுகிறார். குழந்தையைத் தூக்குகிறார்கள். அதன் பார்வை தாத்தாவின் கையில் இருக்கிறது. தொடுகிறது. விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது.

ஏன் என்ற கேள்வி பிறகு வரலாம். வராமலும் இருக்கலாம்.

*

அதே கோயிலின் அனந்தசரஸ் குளம். அத்தி வரதர் நீருக்கு அடியில். 40 ஆண்டுக்கு ஒருமுறை மேலே வருகிறார். 1979. பிறகு 2019. ஜூலை 1 முதல் 48 நாள். 31 நாள் சயனம், 17 நாள் நின்ற கோலம்.

1979-இல் தோள்மேல் இருந்து பார்த்தவர்கள் 2019-இல் தோள் கொடுக்கிறார்கள். நடுவில் ஒத்திகை கிடையாது. ஒருமுறை கண்டதை 40 ஆண்டு ஒருவர் எங்கே வைத்திருக்கிறார்?

அடுத்தது 2059. 2019-இல் தோள்மேல் இருந்த குழந்தைக்கு அப்போது நாற்பதுக்கு மேல் வயது. அது பெருமாளைத்தான் பார்த்ததா, தூக்கிப் பிடித்த கையின் நடுக்கத்தைப் பார்த்ததா, நெரிசலில் யாரோ ஒருவர் ஒதுங்கி வழிவிட்டதைப் பார்த்ததா?