உழைப்பு ஆசிரியனை ஆக்குமா?

ஒருபுறம் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாய். வடக்கே எண்ணூர், தெற்கே திருவொற்றியூர். இடையிலே இருப்பது எர்ணாவூர். வலை வீசுவோரும் ஆலைக்கு விரைவோரும் வாழும் உழைப்பாளர் ஊர். பகலைக் கூலிக்கு விற்றுவிட்டு, இரவிலே ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இத்தகைய ஊர்களில் உண்டு. “பாடுபட்டவனே நல்ல வாத்தியாராவான்” என்று அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுப்போரும் உண்டு. தட்டுவது அன்பினால்தான். ஆனால் அந்தச் சொல் உண்மையா? நாம் ஆராய வேண்டாமா?

1912இல் பிறந்த மு. வரதராசனார், பள்ளிப் படிப்பு முடிந்ததும் அமர்ந்தது திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்து எழுத்தர் நாற்காலியிலே. வேலைச்சுமை உடலை வாட்டிற்று, பணியை விட்டார். ஓய்வுக் காலத்தில் தமிழ் பயின்றார். 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறினார். பள்ளியாசிரியரானார், பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியரானார், 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமானார். அவரை ஆசிரியராக்கியது கோப்புக்கட்டா? அன்று! கோப்புக்கட்டிலிருந்து கிடைத்த ஓய்வும், அந்த ஓய்விலே விரித்த நூலுமே.

கடல் கடந்தும் பார்ப்போம். அமெரிக்காவிலே அடிமையாகப் பிறந்தவர் புக்கர் வாஷிங்டன். 1865இல் விடுதலை வந்தபின், மேற்கு வர்ஜீனியாவின் உப்புக் காய்ச்சும் உலையில் சிறுவனாக உழைத்தார். உப்புப் பீப்பாய்களில் அவர் குடும்பத்துக்கென இடப்பட்ட 18 என்ற எண்ணே அவர் முதன்முதல் படித்தது. அதற்குமேல் கற்பிக்க உலைக்குத் தெரியாது! பிறகு நிலக்கரிச் சுரங்கம். அங்கே இருவர் பேசக் கேட்டுத்தான் ஹாம்ப்டன் பள்ளியைப் பற்றி அறிந்தார். 1872இல் அங்கே சென்றார், கூட்டிப் பெருக்கிக் கற்றார், ஆசிரியரானார். 1881இல் டஸ்கீகிப் பள்ளியின் தலைவரானார்.

அவரோ தம் பள்ளியில் கைத்தொழிலுக்கே முதன்மை தந்தார். 1903இல் டூ பாய்ஸ் என்னும் அறிஞர் அதை மறுத்து எழுதினார். தொழிற்பள்ளிக்கும் ஆசிரியர் வேண்டுமே, அவர்களை உயர்கல்வியன்றி எது தரும் என்பது அவர் வாதம். இன்றளவும் கூர் மழுங்காத வாதம்!

அதே 1953இல் நம் நாட்டிலும் எழுந்தது, அரை நூற்றாண்டு கழித்து. பள்ளி நேரத்தைச் சுருக்கி, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது இராசாசி அரசு. “குலக்கல்வி” என்று கொதித்தெழுந்தது நாடு. 1954இல் அவர் பதவி விலகினார். காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. செருப்புத் தைப்பவர் மகன் ஊசியோடு நிற்க, ஏட்டோடு நடப்பவன் வேறொருவன் என்றால், அங்கே உழைப்பு கல்வியாகாது, விலங்காகும்.

அப்படியாயின் உழைப்பு ஆசிரியனுக்கு எதையும் தராதா? தரும். வகுப்பிலே தூங்கி விழும் மாணவனைக் கண்டால், உழைத்துப் பழகியவன் பிரம்பைத் தேடமாட்டான், “இரவு எங்கே வேலைக்குப் போனாய்?” என்று கேட்பான். கிழிந்த சட்டையை ஒழுங்கீனம் என்று எண்ணமாட்டான். ஏட்டுக் கணக்கைக் கூலிக் கணக்காக மாற்றிச் சொல்லுவான். இந்த இரக்கமும் இந்தத் தெளிவும் பெரும் செல்வமே.

ஆனால் அது தானாகத் திரண்ட செல்வமன்று. உழைப்பிலிருந்து வெளியேற ஒரு வாயில் திறந்திருந்தவனுக்கே அது கிட்டிற்று. வாயில் அடைத்துக் கிடந்தவர்களின் பெயரை எந்த ஏடும் எழுதவில்லை. கரையேறியவனைக் காட்டிக் கடலைப் புகழ்வதா? மூழ்கியவர்களை எண்ணிப் பார்ப்பது யார்?

ஆகவே, இளைஞர்களே, பாடுபடுவதைப் போற்றுவதோடு நம் கடமை முடியவில்லை. தேர்வு நாளில் கூலி பிடிக்காத விடுப்பு, மாலையிலும் திறந்திருக்கும் படிப்பகம், படிப்பவன் வீட்டுக்கு ஒரு வேளைச் சோற்றின் உறுதி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவோம். உழைத்துப் படித்து ஆசிரியராகிறவர்க்கும் ஒரு கடமை உண்டு: தாம் பட்ட பாட்டைத் தம் மாணவன் படாமல் காப்பது. “நான் பட்டேனே, நீயும் படு” என்பவன் மேற்பார்வையாளன். “நான் பட்டது போதும், நீ படி” என்பவனே ஆசிரியன்!